கொடுத்தால் முழுதாய்க் கொடுங்கள்: ஸ்ட்ரீமர் கட்டப் பழகும் இளையவர்களுக்கு



டிரவுட் தூண்டில் பிடிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ரொம்ப நேரம் வேறு பேச்சு நிலைக்காது. "உங்ககிட்ட எந்த ஸ்ட்ரீமர் ஓடுது?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். உடனே டப்பாக்கள் திறக்கும். ஒரு பக்கத்தை எல்லாருக்கும் காட்டிவிட்டு மறுபக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்தக் கட்டைவிரலை எடுக்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயந்திரத்தோடு பழகியவனுக்கு அளவு சொல்லாமல் பேச வராது. அதனால் சில இடங்களில் நீட்டிச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நீர்மேல் மிதக்கிற பூச்சித் தூண்டில் ஒரு வகை. ஸ்ட்ரீமர் நீருக்குள்ளே இழுக்கிற நீளமான வகை. சின்ன மீன், தலைப்பிரட்டை, அட்டை, இறால் என்று டிரவுட் துரத்திப் பிடிக்கிற எதையும் அதில் காட்டலாம். முள், நூல், இறகு, கம்பளி இவ்வளவுதான் சரக்கு.

1. மீன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டிரவுட் நம் இலங்கை ஆறுகளில் பிறந்த மீன் இல்லை. 1882இல் ஹப்பார்ட் என்பவர் பிரவுண் டிரவுட்டை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த நூற்றாண்டு முடிகிற தறுவாயில் ரெயின்போ டிரவுட் வந்தது. பிரவுணுக்கு நம் ஆறுகள் ஒத்துவரவில்லை. ரெயின்போ ஹோட்டன் சமவெளிக் குளிரில் தானாகவே குஞ்சு பொரித்து நிலைத்துவிட்டது. 1896இல் நுவரெலியாவில் சிலோன் ஃபிஷிங் கிளப் அமைந்தது. மீன் குஞ்சு வளர்த்து விடுவதும், யார் எங்கே தூண்டில் போடலாம் என்று அனுமதிச் சீட்டுக் கொடுப்பதும் அதன் வேலையாயின. நம் அக்கரைச் சொந்தங்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நீலகிரி அவலாஞ்சியில் வில்சன் என்பவர் 1907இல் டிரவுட் பண்ணை தொடங்கினார். அங்கே போன ரெயின்போ முட்டைகளில் ஒரு பங்கு நம் தீவிலிருந்து போனது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? மீனைப் போலவே மாதிரிகளும் துரைமாரின் டப்பாக்களில் வந்தவைதான். நம் பெரியவர்கள் பங்களாவுக்கு வலை சுமந்தார்கள், மீனைக் கழுவினார்கள், சமைத்தார்கள். எந்த முள்ளில் எந்த இறகு என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. இன்று நமக்குத் தெரிந்தது, இங்கே ஒருத்தர் கட்டியதை இன்னொருத்தர் அவிழ்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. அதை மறுபடி பெட்டிக்குள் பூட்டுவதில் அர்த்தம் இல்லை.

2. முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள், பிறகு மாதிரியைச் சொல்லுங்கள்.

"கிரே கோஸ்ட் அருமையான ஸ்ட்ரீமர்" என்று ஒருத்தர் சொன்னால் "எந்தத் தண்ணீரில்?" என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் கேரி ஸ்டீவன்ஸ் அம்மா 1924இல் அந்த வழியில் கட்டிய ஸ்ட்ரீமரால் பெரிய டிரவுட் பிடித்துப் பேர் வாங்கினார். முள்ளைக் கவ்வுகிற வைஸ் இல்லாமல் கையிலேயே பிடித்துக் கட்டுவார். அந்த ஏரிகளில் ஸ்மெல்ட் என்று வெள்ளிபோல் மினுங்குகிற சின்ன மீன் ஏராளம். டிரவுட் அதைத் தின்றே பெருக்கிறது. அதற்குப் பொருத்தமாகத்தான் அவர் இறகை நீளமாகவும் மெலிதாகவும் வைத்தார்.

நம் தண்ணீரில் ஸ்மெல்ட் இல்லை. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் டிரவுட்டின் சாப்பாடு வேறு: தலைப்பிரட்டை, தும்பியின் புழு, இறால், அட்டை, கிடைத்தால் தன் குஞ்சு. அக்கரப்பத்தனைக்குக் கீழே இறங்கினால் அயிரை போன்ற சின்ன மீன்களும் வருகின்றன. ஆகவே நீளமான வெள்ளி இறகைவிடக் குட்டையான, கறுத்த, அசைகிற உருவம் நமக்குப் பொருந்தும். இந்தக் கணக்கு புரிந்தவருக்கு எந்த ஊர் மாதிரியையும் நம் ஊருக்கு மாற்றத் தெரியும்.

இடத்துக்கு இடமும் வேறுபடும். ஆக்ரா ஓயா ஹோட்டன் சமவெளியில் பிறந்து அக்கரப்பத்தனை வழியாகத் தலவாக்கலைக்கு வருகிறது, கொத்மலை ஓயாவாகிறது. மேலே பாறையும் குளிரும், கீழே தேயிலையும் சேறும். கிரகரி வாவி 1873இல் கட்டியது, நிலைத்த நீர். ஹட்டன் பக்கம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவும் கெண்டை வகைகளும்தான் அதிகம். அங்கே ஓடியது என்று ஒரு ஸ்ட்ரீமரை அம்பேவெலக்காரரிடம் டிரவுட் முள்ளாகக் கொடுத்தால் அவரை அலைய வைத்த பாவம் உங்களுக்குத்தான்.

3. மூன்று மாதிரியோடு தொடங்குங்கள்.

டப்பா நிறைய வேண்டாம். மூன்று போதும்.

முதலாவது கறுப்பு வூலி பக்கர். நீளத் தண்டுள்ள 8ஆம் எண் முள். பின்பக்கம் மெத்தென்ற இறகை முள்ளின் தண்டு நீளத்துக்கு வாலாகக் கட்டுங்கள். அங்கேயே ஒரு மெல்லிய செம்புக் கம்பியையும் கறுப்புக் கம்பளி நூலையும் சேர்த்துக் கட்டி, கம்பளியை முன்னோக்கிச் சுற்றுங்கள். தலைப் பக்கம் ஒரு சேவல் கழுத்திறகைக் கட்டி, இடைவெளி விட்டுப் பின்னோக்கிச் சுற்றுங்கள். வால் அருகே வந்ததும் செம்புக் கம்பியை எதிர்த்திசையில் முன்னோக்கிச் சுற்றினால் இறகின் நடுத்தண்டு ஒவ்வொரு சுற்றிலும் அழுந்திக்கொள்ளும். மீன் பல் பட்டாலும் அவிழாது. தண்ணீரில் இது அட்டை மாதிரி நீண்டு சுருங்கும். கொழுந்து எடுக்கப் போன எந்த அம்மாவுக்கும் அட்டை எப்படி நீளும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பு எதற்கு என்றால், கலங்கல் நீரில் நிறம் தெரியாது, நிழலுருவம்தான் தெரியும். மழைக்குப் பிறகு இதுதான் முதல் முள்.

இரண்டாவது மட்டூக்கா. நியூசிலாந்து மாதிரி இது. தவிட்டு நிறமோ பாசி நிறமோ உள்ள கம்பளி உடல். அதன் முதுகில் இரண்டு சேவல் இறகுகளைப் படுக்க வைத்து, செம்புக் கம்பியால் இழைகளைப் பிரித்துப் பிரித்துத் தண்டோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். இறகு முள்ளின் வளைவில் போய்ச் சிக்காது. தெளிந்த நீரில் தலைப்பிரட்டைக்கும் அயிரைக்கும் இடைப்பட்ட உருவம் காட்டும். 8, 10 இரண்டு அளவிலும் கட்டுங்கள்.

மூன்றாவது கண் வைத்த வெள்ளை ஸ்ட்ரீமர். பாப் கிளவுசர் வழியில் கட்டுவது. தண்டின் மேற்பக்கம் இரண்டு உலோகக் கண்மணிகளை நூலால் குறுக்காகக் கட்டினால் எடையின் காரணமாக முள் தலைகீழாகத் திரும்பி, நுனி மேல்நோக்கி நீந்தும். கல்லிலும் வேரிலும் மாட்டாது. நம் ஓடைகள் முழுக்கக் கல்தானே. வாவியின் ஆழத்துக்கு 6ஆம் எண், ஓடைக்கு 10.

இந்த மூன்றும் கைவந்த பிறகு மற்றவர் டப்பாவைப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் ஆசைதான் வளரும்.

4. பொருளை வீட்டில் தேடுங்கள்.

வெளிநாட்டுப் பொட்டலம் இல்லாமல் கட்ட முடியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீர்கள். கம்பளிக்கு நுவரெலியாவில் பஞ்சமா? ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூல் எல்லா நிறத்திலும் வீட்டில் கிடக்கும். இறகுக்கு லயத்துச் சேவல். கழுத்திறகு சுற்றுவதற்கும் முதுகுக்கும். அடிவயிற்றுப் பஞ்சிறகு வாலுக்கு. செம்புக் கம்பிக்கு எரிந்துபோன மோட்டார்க் காயில். கண்மணிக்குச் சாவிக்கொத்தின் குண்டுச் சங்கிலி, இரண்டிரண்டாக வெட்டிக்கொள்ளலாம். மினுங்கலுக்கு அம்மாவின் பழைய பட்டுச் சேலைக் கரையிலிருந்து உருவிய சரிகை (கேட்டுவிட்டு உருவுங்கள்). பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தால் அதன் உள்ளே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை நூல் அகலத்துக்கு வெட்டிச் சுற்றினால் நல்ல வெள்ளி உடல் வரும். தலையை ஒட்டுவதற்கு நிறமற்ற நகப்பூச்சு இரண்டு பூச்சு.

முள்ளை மட்டும் நல்லதாக வாங்குங்கள். மலிவு முள் மீனிடம் நிமிர்ந்துவிடும். அங்கே சிக்கனம் பார்த்து மற்ற பாட்டையெல்லாம் வீணாக்க வேண்டாம்.

இப்படிக் கட்டிய மாதிரியைக் கொடுக்கும்போது எந்தப் பொருளுக்குப் பதிலாக எதை வைத்தீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள். "வான்கோழி இறகுக்குப் பதில் சேவல் பஞ்சிறகு வைத்தேன், அசைவு கொஞ்சம் குறைவு" என்று நீங்கள் சொன்னால், வாங்கியவர் நாளைக்கு வான்கோழி வளர்க்கிற வீட்டைத் தேடிப் போவார். எல்லாருக்கும் நன்மை.

5. காட்டு உயிரில் கை வைக்காதீர்கள்.

பழைய புத்தகங்களில் இரண்டு பொருள் அடிக்கடி வரும். ஒன்று 'ஜங்கிள் காக்'. கழுத்தில் மெழுகு பூசியதுபோல் பொட்டு வைத்த இறகு. கிரே கோஸ்டின் கன்னத்தில் இருப்பது அதுதான். அது தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் இறகு. நம் இலங்கைக் காட்டுக்கோழிக்கு அந்தப் பொட்டு கிடையாது. அது நமது தேசியப் பறவையும்கூட. இரண்டுக்கும் அந்தந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு. மற்றது மான் முடி, மட்லர் மின்னோ என்கிற ஸ்ட்ரீமரின் தலைக்கு. ஹோட்டன் சமவெளியில் மரை கூட்டமாக மேய்வதைப் பார்த்து யாருக்காவது யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். 1937ஆம் ஆண்டு முதல் இருக்கிற விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சும்மா இல்லை.

மாற்று உண்டு. பொட்டுக்கு, கறுத்த சேவல் இறகின் நுனியில் வெள்ளை நகப்பூச்சை ஒரு துளி வையுங்கள். மான் முடித் தலைக்கு, கம்பளியைக் கற்றை கற்றையாகக் கட்டிக் கத்தரியால் உருட்டுங்கள். முடி மிதக்கும், கம்பளி அமிழும். நமக்கு அமிழ்வதுதான் தேவை. மட்டூக்காவின் கதையும் இதுதான். நியூசிலாந்தில் மட்டூக்கு என்கிற கொக்கினப் பறவையின் இறகில்தான் முதலில் கட்டினார்கள். பறவைக்குப் பாதுகாப்பு வந்தது, சேவல் இறகுக்கு மாறினார்கள். மாதிரி செத்துப்போகவில்லை, உலகம் முழுக்கப் பரவியது.

தடையான பொருளில் கட்டிய முள்ளை யாராவது பரிசாக நீட்டினால் வாங்காதீர்கள். வாங்கினால் நாளைக்கு நீங்கள் அதைப் பார்த்துக் கட்டுவீர்கள்.

6. இரண்டாகக் கொடுங்கள்.

ஒரு முள்ளைக் கொடுத்தால் அது அடுத்த நாளே மரக்கிளையில் தொங்கும். மாதிரி அதோடு போயிற்று. ஒன்று ஆற்றில் போட, ஒன்று பார்த்துக் கட்ட. இரண்டாவதை நனைக்கக் கூடாது என்று சொல்லியே கொடுங்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒன்றைப் பாதியில் நிறுத்தி, தலை முடிக்காமல் கொடுங்கள். எந்தப் பொருள் எங்கே நுழைகிறது என்பது பாதி கட்டிய முள்ளில்தான் தெரியும். முடித்த முள் அதை மறைத்துவிடும்.

7. சீட்டு எழுதிக் கொடுங்கள்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் ஆற்றில்தான் போடுகிறோம், அளவு இல்லாமல் போடலாமா? என் பொட்டலத்தில் இருக்கிற சீட்டு இப்படி இருக்கும்:

"கறுப்பு வூலி. முள் 8, நீளத் தண்டு. அடியில் செம்புக் கம்பி 12 சுற்று. வால் தண்டின் நீளம். மழைக்கு மறுநாள், சாயத் தண்ணீர் நிறம், முழங்கால் ஆழம். குறுக்கே போட்டு ஒரு சாண் இழுவை, நிறுத்தம். தெளிந்த நீரில் மீன் பார்த்துவிட்டுத் திரும்பியது."

இதில் மிக முக்கியமானது, எடைக்காகக் கம்பளிக்கு அடியில் சுற்றுகிற கம்பிச் சுற்று. வெளியே பார்த்தால் தெரியாத ஒரே பொருள் அதுதான். அச்சு அசலாக இரண்டு முள் இருக்கும். ஒன்று மடுவின் அடிக்குப் போகும், மற்றது மேலேயே ஓடும். "உன் மாதிரி எனக்கு ஓடவில்லை" என்கிற சண்டையில் பாதி இந்த எடையால் வருவது. எடைக்கு ஈயம் வேண்டாம், செம்பு போதும். அன்னப் பறவைகள் ஈயத்தை விழுங்கிச் சாகின்றன என்று இங்கிலாந்தில் 1987இல் தூண்டில் ஈயக் குண்டுகளின் விற்பனையை நிறுத்தினார்கள். நம் ஓடைத் தண்ணீர் கீழே யார் வீட்டுக் குழாயில் போய் விழுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

8. கட்டியவர் பெயரை விடாதீர்கள்.

வூலி பக்கரை 1967இல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸிங் என்பவர் உருவாக்கினார். அவர் மனதில் இருந்தது டிரவுட்கூட இல்லை, பாஸ் என்கிற மீன். ஒரு நீர்ப்பூச்சியின் புழுவைக் காட்டத்தான் கட்டினார். பெயர் வைத்தது அவருடைய சின்ன மகள். மட்லர் மின்னோவை 1930களில் கனடாவின் நிபிகோன் ஆற்றங்கரையில் டான் கேப்பன் கட்டினார். அந்த ஆற்றின் அடியில் கிடக்கிற பெருந்தலை மீனைப் பார்த்துக் கட்டியது. 1980களில் இறகுப் பொருள் வியாபாரி ஒருவர் ஈயக் கண்மணி மாதிரிகளைக் கிளவுசருக்கு அனுப்பிவைத்தார். அவர் அதை வைத்துக் கட்டினார், நண்பர் லெஃப்டி கிரே அதற்குப் பெயர் சூட்டி நாலு பேருக்கு எழுதினார். மூன்று பேர் கை பட்டது அந்த ஸ்ட்ரீமர்.

இவர்கள் மாதிரியை மறைத்திருந்தால் நமக்கு வந்திருக்குமா? வந்ததற்கு நாம் கொடுக்கிற விலை, பெயரைச் சொல்வது ஒன்றுதான். அதேபோல் உங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் வாலைக் குட்டையாக்கினார் என்றால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு "என் மாதிரி" என்று புதுப்பெயர் சூட்டாதீர்கள். மாற்றத்துக்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தால்தான் அது மாதிரி, இல்லாவிட்டால் மிஞ்சிய நூல்.

9. கையையும் கடன் கொடுங்கள்.

ஸ்ட்ரீமரில் பாதி கட்டுவது, பாதி இழுப்பது. இழுப்பதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதிதான் கொடுத்தீர்கள். ஒரு நாள் கூடவே போங்கள்.

ஓடையில்: நீரோட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கிப் போடுங்கள். ஓட்டம் முள்ளை வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும். அந்த வளைவில் ஒரு சாண் இழுங்கள், நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் வால் விரியும், மீன் அடிப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். பழகாதவர்கள் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

வாவியில்: போட்டதும் எண்ணத் தொடங்குங்கள். பத்து எண்ணி இழுத்து ஒன்றும் இல்லையென்றால் அடுத்த முறை பதினைந்து. எந்த எண்ணில் மீன் தொட்டதோ அதுதான் அன்றைய ஆழம். பக்கத்தில் நிற்பவருக்கு அந்த எண்ணைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் முள்ளைக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி அது.

மீன் அடித்ததும் கோலைத் தூக்காதீர்கள். நூலை இடது கையால் நேராக இழுத்து முள்ளைப் பதியுங்கள். கோலைத் தூக்கினால் முள் மீனின் வாயிலிருந்து விலகும். தவறவிட்ட மீன் மறுபடி திரும்பிப் பார்க்காது. கையால் இழுத்துத் தவறினால் முள் அங்கேயே கிடக்கும், மீன் இன்னொரு முறை வரும். நுனி நூல் மெலிதாக இருக்க வேண்டாம், 3 எக்ஸ் அல்லது 4 எக்ஸ் பாருங்கள். ஸ்ட்ரீமரை அடிக்கிற மீன் நின்று யோசிக்காது.

10. ஓடாத நாளையும் சொல்லுங்கள்.

பிடித்த மீனை எல்லாரும் சொல்வார்கள். பிடிக்காத நாளில்தான் பாடம் இருக்கிறது. "ஜனவரிப் பனியில் காலை பத்து மணி வரை ஒன்றும் தொடவில்லை, வெயில் ஏறிய பிறகு தொட்டது" என்பது ஒரு முழு மாதிரிக்குச் சமம். டிரவுட் குளிர் மீன். 12 முதல் 18 பாகை செல்சியஸ் வரை நன்றாக மேயும். ரொம்பக் குளிர்ந்தால் சோம்பிக் கிடக்கும், 20ஐத் தாண்டினால் மூச்சுத் திணறும். ஆகவே ஒரு சின்ன வெப்பமானி டப்பாவில் இருக்கட்டும். சீட்டில் அந்த எண்ணையும் எழுதுங்கள். தண்ணீர் 20க்கு மேல் போன நாளில் கோலை மடக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மாதிரி ஓடினாலும் அன்றைக்குப் பிடித்துத் திரும்ப விடுகிற மீன் பிழைப்பது கஷ்டம்.

பெருமழைக் காலத்தில் சில ஓடைகள் மண்ணாகவே வரும். மேலே உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிற சரிவுகளின் மண் அது. அப்போது எந்த மாதிரியும் ஓடாது. மாதிரியைக் குறை சொல்லாதீர்கள்.

11. மாதிரியைச் சொல்லுங்கள்; மடுவைச் சொல்லும்முன் யோசியுங்கள்.

மாதிரியை நூறு பேருக்குச் சொன்னாலும் அது குறையாது. மடு குறையும். நம் ஓடைகள் சின்னவை. ஒரு மடுவில் நல்ல மீன் இரண்டு மூன்றுதான் இருக்கும். நாலு வாரம் நாலு பேர் போனால் அங்கே மீன் இருக்காது. ஆகவே "மேல் ஓடை, பாறைப் பக்கம், நிழலில்" என்கிற அளவுக்குச் சொல்லுங்கள். எந்தப் பாலத்துக்குக் கீழே என்று சொல்ல வேண்டாம். தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷத்தை வாங்குகிறவருக்கு மிச்சம் வையுங்கள்.

இடத்துக்கு அனுமதி உண்டா என்பதையும் கூடவே சொல்லுங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கோலை விரிக்கக் கூடாது. தோட்டத்து எல்லைக்குள் போவதென்றால் தோட்டத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ஹோட்டன் சமவெளியில் இன்னொரு ஜீவனும் இருக்கிறது. அங்குள்ள ஓடையில் மட்டுமே வாழ்கிற ஒரு சின்ன இறால், 15 பாகைக்குக் கீழான குளிரில்தான் பிழைக்கும். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. டிரவுட்டுக்கு அது வெறும் தீனி. நாம் விரும்புகிற மீன் இந்த மலைக்கு வந்த விருந்தாளி, இறால்தான் வீட்டுக்காரர். அதனால் டிரவுட் இல்லாத ஓடையில் யாராவது குஞ்சு கொண்டுபோய் விடலாம் என்று பேசினால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

12. எதிர்முள்ளை நசுக்கிவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும் முன், முள் நுனியருகே பின்னோக்கித் துருத்துகிற எதிர்முள்ளைச் சின்னக் குறடால் அழுத்திவிடுங்கள். ஒரு நிமிட வேலை. மீனின் வாயிலிருந்து எளிதாகக் கழலும், உங்கள் காதிலிருந்தும் கழலும். ஸ்ட்ரீமர் எடையுள்ளது, காற்றில் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாதவருக்கு ஸ்ட்ரீமர் பழக்காதீர்கள்.

13. விற்க வேண்டுமானால் விற்கலாம், கலக்க வேண்டாம்.

முள் கட்டி நாலு காசு பார்ப்பதில் தப்பே இல்லை. சம்பளம் போதாத வீட்டில் அது பெரிய துணை. சுற்றுலா வருகிறவர்களுக்கு நியாயமான விலை சொல்லுங்கள். ஆனால் கூட்டத்தில் ஒருத்தர் அன்பாகச் சொல்லித்தந்த மாதிரியை விற்பனைக்கு வைக்கும்முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். கேட்காமல் செய்தால் அடுத்த முறை அவர் கட்டைவிரல் டப்பாவை மறைக்கும். அதோடு எல்லாருடைய டப்பாவும் மூடும்.

14. கொடுத்ததும் பதில் கேளுங்கள்.

கொடுத்தலின் பலன் இங்கேதான் இருக்கிறது. ஒரே கறுப்பு வூலி உங்கள் கையில் இருந்தால் உங்களுக்கு ஒரு ஓடைதான் தெரியும். அதையே ஐந்து பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒருத்தர் கிரகரி வாவியில் போடுவார், இன்னொருத்தர் நானுஓயாவில், வேறொருத்தர் அக்கரப்பத்தனையில். மழை விட்டதும் ஐந்து பேரும் தங்கள் சீட்டைக் கொண்டுவரட்டும். எங்கே வால் நீளமாய் இருந்தது, எங்கே வெட்டினார்கள், எத்தனை கம்பிச் சுற்று, எத்தனை பாகை. ஒரு ஆள் வருஷக்கணக்காக அலைந்தாலும் கிடைக்காத தகவல் ஒரு பருவத்தில் கையில் சேரும். ஒரு பழைய பயிற்சிக் கொப்பி வாங்கி, மாதிரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எல்லாருடைய சீட்டையும் அதில் ஒட்டுங்கள். கொப்பி யார் வீட்டிலும் நிலையாகத் தங்க வேண்டாம். மாதம் ஒரு வீடு மாறட்டும். புதிதாகப் பழக வந்த பிள்ளைக்கு முதல் மாதம் அதைக் கொடுங்கள்.

அந்தச் சீட்டுகளில் ஒன்றில் உங்கள் மாதிரியைவிட வேறொருத்தர் மாற்றியது நன்றாக ஓடியது என்று வரும். கட்டாயம் வரும். அன்றைக்குப் பழையதை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டு அவர் மாற்றியதைக் கட்டுங்கள். அதில் இரண்டைப் பொட்டலமாக்கி, அவர் பெயரை எழுதி, அடுத்த ஆளுக்குக் கொடுங்கள்.